வீட்டுக் கணிப்பொறி வலையில் புதிய ரூட்டர்
(உரையின் எழுத்து வடிவம்)



தலைநகர் தில்லியின் சாணக்யபுரியில், சாந்தி பத் நெடுகிலும் வெளிநாட்டுத் தூதரகங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அதே பகுதியின் விநய மார்க்கத்திலும் சத்திய மார்க்கத்திலும் அரசு அலுவலர்களின் குடியிருப்புகள் உள்ளன. தூதரகங்களின் தகவல் தொடர்பைக் கவனிக்கத் தனி நிபுணர்கள் உண்டு. அலுவலரின் வீட்டிற்கோ அவரே நிபுணர். அல்லது கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்.

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதியை வழங்கத் தொடங்கியபோது இத்தகைய நிபுணர் தேவைப்படவில்லை. ஒரு தொலைபேசிக் கம்பி, ஒரு மோடம், ஒரு கணிப்பொறி, அத்துடன் முடிந்தது. 2004ஆம் ஆண்டு அகலக்கற்றைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என வரையறுத்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்ட பின்னர், வை-ஃபை வீடுகளுக்குள் பரவுவதற்கு வழி பிறந்தது. இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தில் கணிப்பொறி, கைப்பேசிகள், தொலைக்காட்சி, அச்சுப்பொறி, வாசலில் ஒரு காமிரா என அரை டஜன் கருவிகள் ஒரே வலையில் இணைந்துள்ளன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகக் கோப்புகளும் அந்த வலையின் வழியே வீட்டிற்கு வந்து சேர்ந்தன.

இந்த நிலையில், பின்னறைக்கு அலை எட்டவில்லை என்பதற்காகப் புதிய ரூட்டர் ஒன்று வாங்கப்படுகிறது. பழைய ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் செருகுகிறார்கள். விளக்குகள் எரிகின்றன. ஆனால் அச்சுப்பொறி காணாமற்போகிறது. சில வேளைகளில் இன்டர்நெட்டே நின்றுவிடுகிறது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்கள் பலர். பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை.

காரணம் முகவரியில் உள்ளது. இன்டர்நெட்டின் நான்காம் பதிப்பு முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலக அளவிலான பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. வீடுகளுக்குள் பயன்படுத்துவதற்கென 192.168 என்று தொடங்கும் எண்கள் போன்ற சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்த வீட்டிலும் அதே எண்கள் இருக்கலாம். வெளியுலகிற்கு அவை தெரியா. வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரியைக் கொண்டு ரூட்டர் பேசுகிறது. தன் பெயரால் அமைந்த இப்பகுதியில், அர்த்தசாஸ்திரத்தில் சாணக்கியர் குறிப்பிடும் முத்திரை அதிகாரியை நினைவுகூரலாம்: அனுமதி முத்திரை இல்லாமல் எவரும் நாட்டிற்குள் வரவோ வெளியேறவோ முடியாது. ரூட்டரின் வேலையும் ஏறத்தாழ அதுவே.

ஒரே வாசலில் இரண்டு அதிகாரிகள் நின்றால் என்ன ஆகும்? பழைய ரூட்டரின் முகவரி 192.168.1.1; புதியதும் தொழிற்சாலையிலிருந்து அதே எண்ணுடனே வந்திருக்கக் கூடும். தன் இருபுறமும் ஒரே எண்தொகுதி இருப்பதால், செய்தியை எப்பக்கம் அனுப்புவதென்று புதிய ரூட்டருக்குத் தெரியாது. அண்மைக்காலக் கருவிகள் சில இதை உணர்ந்து தம் எண்ணைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. அப்போது இன்டர்நெட் கிடைக்கும். ஆனால் வீடு இரண்டு வலைகளாகப் பிளவுபட்டுவிடும். பழைய வலையின் கருவிகளுக்குப் புதிய வலையில் உள்ளவை தெரியா, அலுவலக வி.பி.என். இணைப்புகளில் சிலவும் இந்த இரட்டை மாற்றத்தால் தடுமாறக்கூடும்.

அலையை விரிவுபடுத்துவது மட்டுமே நோக்கமெனில், புதிய ரூட்டரை அதிகாரப் பொறுப்பிலிருந்து விலக்கிவிடுவதே சரி. பலவற்றில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற தனி நிலை உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையெனில், பழைய வலையில் சேர்க்கும் முன்பாகவே, ஒரு கணிப்பொறியை மட்டும் கேபிளால் அதனுடன் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பணியை நிறுத்த வேண்டும். அந்த எண் பழைய ரூட்டர் வழங்கும் எண்களுக்குள் அடங்காததாக இருத்தல் வேண்டும். அதன்பின், 'வான்' என்று குறிக்கப்பட்ட துளையை விட்டுவிட்டு, 'லான்' துளையில் கேபிளைச் செருக வேண்டும். வரிசை மாறினால் மீண்டும் குழப்பமே. கேபிளும் நான்கு இணைக் கம்பிகள் கொண்டதாக இருப்பது நலம். இரண்டு இணைகள் மட்டுமே இணைக்கப்பட்ட பழைய கேபிளில் 100 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது.

பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதாயின் வேலை எளிது. பழைய வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதியதற்கும் கொடுத்தால், பெரும்பாலான கருவிகள் தாமாகவே வந்து சேரும். சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டிக் குறித்து வைத்திராதவர்கள் மட்டும் அன்று மாலை தொலைபேசியில் காத்திருக்க நேரிடும்.

நிர்வாகக் கடவுச்சொல்லோ வேறு. அதைப் பலர் தொடுவதே இல்லை. 2016 அக்டோபர் 21 அன்று, 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத ஏராளமான காமிராக்களையும் ரூட்டர்களையும் தன் வசமாக்கித் தொடுத்த தாக்குதலில், அமெரிக்காவின் பல பகுதிகளில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் முடங்கின. அக்கருவிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர்க்கு ஏதும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனவே புதிய கருவி வந்த அன்றே அக்கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

அரசுக் குடியிருப்புகளுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. மாற்றல் ஆணை வந்ததும் கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடுகின்றன. சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய ரூட்டர், அடுத்து வருபவருக்குப் பயன்படட்டுமே என்று அங்கேயே விடப்படுகிறது. அதனுள் இணைப்புக் கணக்கின் விவரங்களும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கின்றன. பின்புறத்திலுள்ள சிறு துளையில் ஒரு குண்டூசியைச் செருகிப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான ரூட்டர்களில் அவை அழிந்துவிடும்.