பின்வாங்கிய படையும் அதன் தளபதியும்

‘ரிட்ரீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் என் பேனா சற்றே தயங்குவதுண்டு. ‘புறங்காட்டுதல்’ என்றால் பழி வந்து சேர்கிறது. ‘பின்வாங்குதல்’ என்றால் பழி நீங்குகிறது. ஆனால் அச்செயலிலுள்ள உழைப்பும் உடன் நீங்கிவிடுகிறது. முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேர மன்னனைப் போற்றும் மரபு நம்முடையது. எனவே, நூற்றுக்கணக்கான மைல் பின்வாங்கிய ஒரு தளபதியைப் பெரியவர் என்று நேயர்களிடம் கூறுவது எனக்கு எளிதன்று. ஆயினும் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மைப் பற்றி அவ்வாறே கூற வேண்டியிருக்கிறது.

1942 மார்ச்சு மாதம் பர்மாவின் புரோம் நகரில் அவர் பொறுப்பேற்றபோது ரங்கூன் ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது. அதற்கு முன்பே, பிப்ரவரி 23-ஆம் தேதி, சிட்டாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது 17-ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி எதிர்க்கரையில் அகப்பட்டுக்கொண்டது. துறைமுகம் கைநழுவிய பின் துணைப்படை வர வழியில்லை. யெனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே தகர்த்துவிட்டு, ஐராவதியைக் கடந்து, சிந்துவின் நதிக்கரையில் டாங்கிகளைக் கைவிட்டு, மே மாதத்தில் பருவமழையில் நனைந்தவாறு இம்பாலை அடைந்தது அப்படை. எலும்பும் தோலுமாய், கந்தலணிந்து வந்தார்கள். ஆனால் துப்பாக்கி தோளில் இருந்தது, அணி குலையவில்லை. 1956-இல் வெளிவந்த தம் நூலில் ஸ்லிம் இக்காட்சியை எழுதியிருக்கிறார். அந்நூலிலேயே, பின்வாங்கிய அந்நாட்களில் தமது தலைமை எங்கெங்கே தவறிற்று என்றும் எழுதியிருக்கிறார். தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் இது அரிய பண்பு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. அதே மலைவழிகளில் பர்மாவை விட்டு இலட்சக்கணக்கான இந்தியர் நடந்து வந்தனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். காலராவுக்கும் பசிக்கும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இரையாயினர். அவர்களுக்குத் தளபதி என்று ஒருவரும் இல்லை.

இனி, தோற்ற படை மீண்டெழுந்த கதை. 1943-இல் உருவான 14-ஆவது சேனை ஸ்லிம்மின் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டு காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயுற்று வெளியேறியவர் 120 பேர் என்றால், உண்மைப் பகைவன் யாரென்று நேயர்களே உணரலாம். மலேரியாவைத் தடுக்க மெப்பகிரின் என்னும் மாத்திரை இருந்தது. சிப்பாய்கள்தாம் அதை விழுங்கவில்லை. ஸ்லிம் எதிர்பாராத நேரத்தில் பட்டாளங்களைச் சோதிக்கச் செய்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவானோர் உட்கொண்டிருப்பின் பதவி இழந்தவர் சிப்பாய் அல்லர், அப்பட்டாளத்தின் தலைவர். மூவரை நீக்கியதுமே மற்றவர்கள் விழித்துக்கொண்டனர். போர்முனையில் அரைப் பங்கு உணவு என்றால் தம் தலைமையகத்திலும் அரைப் பங்குதான் என்று விதித்தார். அலுவலகங்களிற் காலங்கழித்த என் போன்றோருக்கு அவ்விதியின் அருமை நன்கு விளங்கும். விமானத்திலிருந்து உணவை இறக்கப் பட்டுப் பாராசூட்டுகள் போதவில்லை. கல்கத்தா ஆலைகளின் சணலில் பாராசூட்டுகள் செய்வித்தார். விலை இருபதில் ஒரு பங்கு. மூட்டைகளை இறக்க அதுவே போதுமானதாயிற்று.

1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கிப் பாய்ந்தனர். இந்திய தேசிய இராணுவத்தினரும் அவர்கள் பக்கம் நின்று போரிட்டனர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. முன்னணியிலிருந்த டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டு, பகைவனை அவனது உணவுக் கிடங்குகளிலிருந்து வெகுதூரம் வரவிட்டு அடிப்பது ஸ்லிம்மின் திட்டம். பின்வாங்குதலே இங்கு ஆயுதமாயிற்று. ஆனால் டிட்டிமிலிருந்த 17-ஆவது டிவிஷனுக்கு ஆணை காலந்தாழ்ந்து சென்றது. கோஹிமாவுக்குச் சிறு படையே வருமென்று எண்ணியிருக்க, முழு டிவிஷன் ஒன்று வந்தது. இரண்டும் தம் பிழையே என்று ஸ்லிம் எழுதினார். அரக்கானிலிருந்து ஒரு டிவிஷனை விமானத்தில் ஏற்றிக் கொணர்ந்ததும், கோஹிமாவிலிருந்த சிறு காவற்படை பதினைந்து நாட்கள் அசையாது நின்றதும் அப்பிழையை ஈடுசெய்தன. ஜூன் 22-ஆம் தேதி இம்பால் பாதை திறந்தது. வந்த ஜப்பானியரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காயமும் நோயும் உற்றனர்.

மறு ஆண்டு ஐராவதியின் வடபகுதியில், மாந்தளையருகே, ஒரு படைப்பிரிவு ஆரவாரத்தோடு ஆற்றைக் கடந்தது. மற்றொன்று கங்காவ் பள்ளத்தாக்கின் வழியே மறைவாகத் தெற்கே சென்று மெய்க்டிலாவைத் தாக்கியது. பழைய இடத்திலிருந்தே பொய்யான வானொலிச் செய்திகள் அனுப்பப்பட்டமையால் ஜப்பானியர் ஏமாந்தனர். 1945 மார்ச்சு 3-ஆம் தேதி மெய்க்டிலா வீழ்ந்தது. கைப்பற்றியது, சிட்டாங் பாலத்தில் சிதைந்த அதே 17-ஆவது டிவிஷன். அங்கிருந்து ரங்கூனை நோக்கி அது விரைந்தது. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் பருவமழை முந்திக்கொண்டு பெகுவுக்கு அப்பால் அதனைத் தடுத்துவிட, மே 3-ஆம் தேதி கடல்வழியே வந்த வேறொரு டிவிஷன் ரங்கூனுள் நுழைந்தது. ஜப்பானியர் நகரை விட்டு முன்னரே போய்விட்டிருந்தனர்.