பெயரும் பொறுப்பும்

(லைட்ஹவுஸ் குப்பத்தில் கூடிய நம் குலத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“கிறிஸ்தவன் என்னும் பெயரும் அதனால் வரும் கடமையும்” என்பது எனக்கு இடப்பட்ட பொருள். இது கோயிற் பிரசங்கத்திற்குரியதன்றோ, குலச் சங்கத்தில் இதற்கு இடமேது என்று சிலர் வினவக்கூடும். ஒரே குலத்தில், ஒரே தெருவில், சிற்சில வீடுகளில் ஒரே கூரையின் கீழும், அம்மனை வணங்குவோரும் மாதாவை வணங்குவோரும் கலந்து வாழ்கின்றோம். ஆதலின் நம்முள் ஒரு சாரார் தம் பெயருக்கேற்ப நடக்கின்றனரா என்பது மற்றைச் சாராரையும் தொட்ட விஷயமேயாகும்.

நம் குலத்தவரேயல்லராயினும் நம் தொழிலினரான தென்கரைப் பரதவரின் சரித்திரத்தை முதலிற் சொல்லுகின்றேன். முத்துக்குளித்துறையில் பகைவரால் நெருக்குண்ட அவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி, 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். வேதம் இன்னதென்று அறிந்து பெற்றவர் அவருள் மிகச் சிலரே. உயிரும் தொழிலும் தப்பவேண்டிப் பெற்றனர். இதனைக் குறையென்று எள்ளுவாரும் உளர். நான் எள்ளமாட்டேன். புயலில் அகப்பட்டவன் எட்டிய கயிற்றைப் பற்றுதல் இயல்பு. பற்றியபின் என் செய்தான் என்பதன்றோ கேள்வி?

சவேரியார் 1542-ல் அக்கரைக்கு வந்தபோது அங்கே பெயர் இருந்தது, போதனை இல்லை. ஊர்தோறும் உபதேசிமாரை அவர் அமர்த்தினார். போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று அக்கரையிலிருந்து சென்ற பணத்தை அவ்வுபதேசிமாரின் சம்பளத்திற்கு விடும்படி கேட்டு வாங்கினார் என்பர். 1544-ல் வடுகர் படை கரையூர்களைச் சூறையாடிற்று. ஜனங்கள் குமரிமுனையருகே பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் அவர்களுக்கு உதவப் புறப்பட்டு, எதிர்க்காற்றால் சேரமாட்டாது, பின்னர்த் தரைவழியே நடந்து போனார். தோணி ஓட்டுவோராகிய உங்களுக்கு அக்காற்றின் குணத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அக்காலத்துப் போர்த்துக்கேயக் கப்பித்தானாகிய கோஸ்மே டி பாய்வா என்பான் அக்கொள்ளைப் படையினருக்கே குதிரை விற்றுப் பொருளீட்டியவன். சவேரியார் அவனைக் கடிந்தெழுதியவர். அவ்வாண்டு செப்டெம்பரில் தூத்துக்குடியில் அவன் மரக்கலமும் இருப்பிடமும் எரியுண்டு, ஒரு தீவில் ஒதுங்கித் தவிக்கின்றான் எனக் கேட்டவுடன், தாமதமின்றித் தோணிகளை அனுப்பி உதவுமாறு தம் துணைவருக்கு எழுதினார். அவன் செயலை மன்னித்து மறைத்தாரில்லை. அதன் பொருட்டு உதவியை மறுத்தாருமில்லை.

இனி நம் பழவேற்காட்டுக்கு வருவோம். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515-ல் தோன்றியது என்று சொல்லப்படுகின்றது. பின்வந்த ஒல்லாந்தர் 1613-ல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். அக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை குருவாயிருந்த ஆபிரகாம் ரோஜர் என்பவர், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்நாட்டுச் சமயங்களைப் பற்றி எழுதிய நூல் 1651-ல் அச்சேறிற்று. அருமையான கல்வியே. ஆயினும் அந்நூற்றாண்டிலேயே, பஞ்சத்தால் விலைப்பட்ட ஏழைகளை அதே கும்பினியார் இத்துறைமுகத்தினின்று கப்பலேற்றிப் பட்டாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினர். கோட்டைக்குள்ளே ஞாயிறுதோறும் ஜெபம். கோட்டைக்கு வெளியே மனிதச் சரக்கு. ஏற்றினவர் தம்மைக் கிறிஸ்தவரென்றே சொல்லிக்கொண்டனர். அவர்களது கல்லறைகளில் மண்டையோடும் மணற்கடிகையும் அழகாகச் செதுக்கப்பட்டிருத்தலை நம் பிள்ளைகள் வியந்து பார்க்கின்றனர். அக்கப்பல்களின் கதையையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

அது அந்நியர் செய்தது என்று நாம் கைகழுவுதல் எளிது. நம் ஏரியைப் பாருங்கள். பாடு முறை நம் முன்னோர் வகுத்த நல்ல ஒழுங்கு. தலைக்கட்டுள்ளவன் முறைப்படி சீட்டிற் பெயர் வரும் இடத்தில் வலை கட்டுகின்றான். ஆகவே வலியவன் எளியவனைத் தள்ளுவதில்லை. ஆனால் இவ்வொழுங்கு நம் குலத்திற்குள்ளே நிற்பது. ஏரியோரத்து ஆதிதிராவிடருக்கு அச்சீட்டில் இடமில்லை. இருளர் நீரில் அமர்ந்து கையால் இறால் தடவி எடுக்கின்றனர். நம்மில் கிறிஸ்தவரான ஒருவன் கோயிலில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவனோடு ஒரே பந்தியில் நற்கருணை வாங்கி, ஏரிக்கு வந்ததும் “உனக்கு இங்கே நீரில்லை” என்பானாகில், அவன் வாங்கியது யாது?

அரசாங்கத்தின் பட்டியல்களிலும் இவ்வேற்றுமை நிற்கின்றது. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் மீனவர் என்ற இனத்தில், பட்டணவரும் செம்படவரும் பர்வதராஜகுலத்தாரும், கிறிஸ்தவத்திற்கு மாறியவர் உட்பட, சேர்க்கப்பட்டுள்ளனர். ஞானஸ்நானத்தால் நாம் ஒரு சலுகையும் இழந்தோமில்லை. ஆதிதிராவிடனோ, 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி, கிறிஸ்தவனான அன்றே அட்டவணைச் சாதியாரின் உரிமையை இழக்கின்றான். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு அவனுக்குத் திறக்கவில்லை. ஒரே தண்ணீர் நம் தலையிலும் அவன் தலையிலும் வார்க்கப்பட்டது; விலை கொடுத்தவன் அவன். அவனுக்காகப் பேசுதல் விலை கொடாத நமக்கு முதற் கடமையன்றோ?

திருவிழா வரியைப் பற்றி ஒரு சொல். அம்மன் விழாவுக்குக் கொடுப்பதும் கொடாமையும் அவரவர் மனச்சாட்சியையும் ஊர்க்கூட்டத்தையும் பொறுத்தவை. ஆனால் அதனைச் சாக்காக்கி, கடலிற் காணாமற்போனவரைத் தேடும் படகுச் செலவுக்கும் முகத்துவார வழக்குகளுக்கும் கொடுக்கவேண்டிய பங்கையும் நிறுத்திக்கொள்ளுதல் விசுவாசமன்று, கருமித்தனம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலை எந்தக் குடிசையின் மேல் சிலுவை இருந்ததென்று பார்க்கவில்லை. அடுத்த புயலில் நிவாரண அரிசி நம் கையில் வருமாயின், வாங்குவோனை எக்கோயிலான் என்று வினவாதிருத்தல் வேண்டும்.

இத்துணை பேசிய பின் வெறுங்கையுடன் அமர விரும்புகின்றிலேன். பாடில்லாத ஏரிக்கரைக் குடும்பங்களின் மூப்பரை அடுத்த சீட்டுக் கூட்டத்திற்கு அழைத்து, அவர்கள் எந்நீரில் எந்நாட்களில் வலை இடலாம் என்று நம் ஊரார் அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்பது என் பிரேரணை. மாதா கோயிலுக்குச் செல்லும் தலைக்கட்டுக்காரர் முதலில் கையெழுத்திடுவார்களாக. இதனைச் சபையின் முன் வைக்குமாறு அக்கிராசனர் அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன்.