கப்பலைத் தட்டிப் பார்க்கும் வேலை

(நமது குடியிருப்பின் குடியரசு தின விழாவில், கப்பல் ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

பத்து நிமிஷம்தான் என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மொட்டை மாடியில் நின்று கப்பல் பார்க்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், அதோ நிற்கிறதே, அது நல்ல கப்பலா?" 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள் இரண்டும் மோதி, எர்ணாவூர் கரையில் கறுப்பு எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்களே, அதற்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. அது மோதல். எவ்வளவு பலமான கப்பலும் மோதினால் கிழியும். நான் சொல்ல வந்தது, எதுவும் மோதாமலே கப்பல் உடைவது பற்றி.

எம்ஓஎல் கம்ஃபர்ட் என்று ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல். 2008-ல் ஜப்பானில் கட்டியது. 2013 ஜூன் 17 அன்று, சிங்கப்பூரிலிருந்து ஜெட்டா போகும் வழியில், அரபிக்கடலின் தென்மேற்குப் பருவக்காற்று அலையில் நடுவே இரண்டாக உடைந்தது. வயது ஐந்து. சான்றிதழும் கையில் இருந்தது. 26 பேரும் பிழைத்தது பெரிய விஷயம். பிறகு அதே அமைப்பில் கட்டிய மற்றக் கப்பல்களைச் சோதித்தபோது சிலவற்றின் அடித்தட்டுத் தகட்டில் நெளிவு தெரிந்தது. அலையின் முகடு கப்பலின் நடுவில் வரும்போது இரண்டு முனையும் தொங்கும். மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நசுங்கும். நசுங்குகிற இடத்தில்தான் நெளிவு.

பலமா, பலமில்லையா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் கிடையாது. நம் திருவொற்றியூர் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் முழுக்க ஒரே பலமாக இருக்காது. எத்தனை பேர் எவ்வளவு வேகமாக இழுப்பார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். இரண்டுமே நிச்சயமில்லாதபோது, இழுப்பு பலத்தை மிஞ்சுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்றுதான் கணக்குப் போட முடியும். கப்பலுக்கும் அதே கணக்குதான். எண்ணெய்க் கப்பல்களுக்கான பொது விதிகள், வட அட்லாண்டிக்கின் மோசமான அலையில் 25 ஆண்டு ஓடுவதாக வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன.

கணக்கு போட்ட நாளில் தகடு புதிது. அப்புறம் துரு வருகிறது. அங்கேதான் என் பிழைப்பு. கொச்சி, விசாகப்பட்டினம், கொழும்பு என்று 31 ஆண்டு தகட்டின் தடிமனை அளந்தேன். தகட்டைத் தேய்த்து, பசை தடவி, கருவியின் முனையை வைத்தால் ஒலி உள்ளே போய்த் திரும்பும். எஃகில் அது நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் தெரியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு. வயது கூடக் கூட அளக்கும் இடங்களும் கூடும்.

மோசமான இடம், கப்பலைச் சமநிலைப்படுத்தக் கடல்நீர் ஏற்றி இறக்கும் தொட்டி. இருட்டு, சேறு, வியர்வை. துரு காற்றிலுள்ள ஆக்சிஜனையே தின்றுவிடும் என்பதால் முதலில் காற்றைச் சோதித்த பிறகே இறங்குவோம். (நம் சம்ப்பில் ஆளை இறக்குகிறவர்களும் இதைக் கவனிக்கணும்.)

ஒருமுறை 12 மில்லிமீட்டர் தகட்டில் மூன்று இடத்தில் எட்டுக்கும் கீழே காட்டியது. உடன் வந்த கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஒரு சாண் தள்ளி வையுங்களேன்" என்றார். தள்ளி வைத்தால் பத்து காட்டும். அதுவும் உண்மையான அளவுதான்! ஆனால் நான் தள்ளவில்லை. தகட்டை மாற்றினார்கள், கப்பல் ஒன்பது நாள் தாமதமாகக் கிளம்பியது. அந்தக் கம்பெனி என்னை அப்புறம் கூப்பிடவே இல்லை.

2021 டிசம்பர் 27 அன்று, இதே திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்தது. விரிசலைப் பார்த்து எல்லோரும் வெளியே வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. நாமும் அதே உப்புக்காற்றில்தான் இருக்கிறோம்.

நம் கார் நிறுத்துமிடத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு விரிசல் இருந்தது. துருக்கறையும் வழிந்திருந்தது. தீபாவளிக்கு முன் பூசி, பெயின்ட் அடித்துவிட்டோம். கமிட்டியில் நானும் இருந்தேன், கையெழுத்தும் போட்டேன். நேற்று சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தேன். பொக்கென்று சத்தம் வருகிறது. சுண்டல் வாங்கிக்கொண்டு அப்படியே கீழே வாருங்கள், நீங்களும் தட்டிப் பாருங்கள். அடுத்த பொதுக்குழுவில் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க நான் தீர்மானம் கொண்டுவருகிறேன்.