மொன்றியலில் வீட்டுத்தீயும் காப்புறுதி இழப்பீட்டுத் தாமதமும்

(பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலுக்கான உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டில் மூண்ட தீயை அணைக்கச் சில மணித்தியாலங்கள் போதும். காப்புறுதிப் பணம் கைக்கு வருவதற்கோ மாதக்கணக்காகலாம். ஒருபுறம் வீட்டுக்கடன் தவணை, மறுபுறம் தற்காலிக வீட்டு வாடகை, இடையில் மொன்றியலின் குளிர்காலம். இந்நிலையிற் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட எண்ணுவது இயல்பு. ஆயினும் கட்டணம் செலுத்திப் பெற்ற காப்புறுதி எவரும் வழங்கும் சலுகையன்று, அஃது உரிமையாகும்.

இதற்குக் கனடாவின் நீதி வரலாற்றிலேயே சான்று உண்டு. 1994 சனவரியில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹலிபேட்டன் பகுதியில் ஒரு குடும்பம், பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகைக் குளிரில், எரியும் வீட்டிலிருந்து இரவு உடையுடன் வெளியேறியது. காப்புறுதி நிறுவனம் 5,000 டொலரும் சில மாத வாடகையும் கொடுத்தபின், குடும்பத்தவரே தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டி மிகுதியை மறுத்தது. உள்ளூர்த் தீயணைப்புத் தலைவரும், அந்நிறுவனம் அமர்த்திய நிபுணரும் அதற்குச் சான்றில்லை என்றே கூறியிருந்தனர். 'வைற்றன் எதிர் பைலற் காப்புறுதி நிறுவனம்' என்ற அவ்வழக்கில், யூரிமார் விதித்த 10 இலட்சம் டொலர் தண்டனை இழப்பீட்டை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு இலட்சமாகக் குறைத்தது. 2002 பெப்ரவரியில் கனடிய உச்ச நீதிமன்றம் 10 இலட்சத்தை மீண்டும் நிலைநாட்டியது.

எனினும், கியூபெக்கின் சட்டம் வேறானது. இங்கே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கும் இடங்களிலேயே தண்டனை இழப்பீடு கிடைக்கும். ஆனால் கியூபெக் குடியியற் சட்டக்கோவை தெளிவான கால எல்லையை வகுத்துள்ளது. அதன் 2473ஆம் உறுப்புரையின்படி, இழப்பு அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து, அல்லது நிறுவனம் கேட்ட தகவல்களும் ஆவணங்களும் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இழப்பீடு செலுத்தப்பட வேண்டும். எனவே எந்த ஆவணம் எந்நாளில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு எழுத்துமூலச் சான்று இன்றியமையாதது. தொலைபேசியிற் பேசியவற்றையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தல் நன்று.

தீயினால் மட்டுமன்றி, அதனை அணைக்கப் பாய்ச்சிய நீரினால் ஏற்பட்ட சேதமும் தீக்காப்புறுதிக்குள் அடங்கும். எரிந்த பொருட்களுக்குப் பற்றுச்சீட்டு இல்லையெனப் பலர் கலங்குவர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா ஒளிப்படங்களையும் காணொளிகளையும் உறவினரிடம் கேட்டுப் பெறலாம். தளபாடங்களும் நகைகளும் அவற்றிற் பதிவாகியிருக்கும். நகைகளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கக்கூடுமாதலால் ஒப்பந்தத்தை வாசித்தறிய வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போர், வீட்டுச் சொந்தக்காரரின் காப்புறுதி தமது உடைமைகளுக்கு ஈடு தராது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இல்லாத பொருளைப் பட்டியலிற் சேர்ப்பது பெருந்தீங்கு. வேண்டுமென்றே பொய்யுரைத்தால், அவ்வகைப் பொருட்களுக்கான இழப்பீட்டு உரிமை முழுவதுமே இழக்கப்படும் என்கின்றது 2472ஆம் உறுப்புரை.

இளையோரே, பிரெஞ்சுப் பாடசாலையிற் கற்றதனால் பெற்றோரின் குரலாக நிற்பவர்கள் நீங்கள். ஆயினும் தீயின் காரணம் பற்றிய வாக்குமூலத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது தகாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருந்ததா, சுவாமி அறையில் விளக்கு எரிந்ததா என்ற கேள்விக்குப் பிழையாகப் பெயர்க்கப்படும் ஒரு சொல், குடும்பத்தின் மீதே ஐயத்தைத் திருப்பக்கூடும். தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும். விளங்காத எதிலும் கையொப்பமிடலாகாது.

தாமதம் நீடிப்பின் முதலில் நிறுவனத்திற்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். பதில் திருப்தியளிக்காவிடில், கோப்பை 'ஒத்தொரித்தே தெ மார்ஷே ஃபினான்சியே' எனப்படும் நிதிச் சந்தைகள் அதிகாரசபைக்கு அனுப்புமாறு கோரலாம். இச்சேவை இலவசம். இரு தரப்பும் இணங்கின் அச்சபை சமரசத்திற்கு உதவும். பணம் செலுத்துமாறு கட்டளையிட அதற்கு அதிகாரமில்லை. 15,000 டொலர் வரையான கோரிக்கையை வழக்கறிஞரின்றிச் சிறுகோரிக்கை நீதிமன்றிற் கொண்டுசெல்லலாம். வழக்குத் தொடர்வதற்கான காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். முறைப்பாடு செய்ததனால் மட்டும் அக்காலம் நின்றுவிடாது. பெருந்தொகையாயின் வழக்கறிஞரை நாடுதல் வேண்டும்.

போரில் வீடிழந்து, நட்டஈடு கேட்கவும் இடமின்றிப் புலம்பெயர்ந்தோர் பலர் இந்நகரில் வாழ்கின்றனர். இங்கே கேட்பதற்குச் சட்டம் உண்டு, இடமும் உண்டு. இன்றிரவே பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து காப்புறுதி ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள். வீட்டின் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, வீட்டிற்கு வெளியே பாதுகாப்பாகச் சேமித்து வையுங்கள்.