திரைவழிப் பாடமும் நம் ஞாயிறு வகுப்பும்



கருவியின் துணைகொண்டு கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975-ஆம் ஆண்டிலேயே செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களைத் தொலைக்காட்சிப் பாடங்கள் எட்டின. 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் பிறமாநிலத் தமிழர்க்கும் பாடம் வழங்குகிறது. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் இடம்பெற்றன. கைப்பேசியை அவற்றின்மேற் காட்டினால் பாடம் திரையில் விரியும்.

ஆதலின், காலனியில் வாழும் நமக்குப் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும், வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுட் பலர், ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தாமே படிக்க இயலாதவராய் உள்ளனர். திரை ழகரத்தை நூறு முறை ஒலித்துக் காட்டும். குழந்தையின் நா மடிகிறதா என்று நோக்கி, அன்போடு திருத்துவதற்கு அருகில் ஒருவர் வேண்டும்.

எனவே, நாம் ஒரு முறையைக் கைக்கொள்வோம். திரைப்பாடத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டு வரட்டும். ஞாயிறு வகுப்பின் நேரம் முழுவதும் வாய்விட்டுப் படிப்பதற்கும் கையால் எழுதுவதற்கும் ஆகட்டும். பெற்றோராகிய நாம் நாள்தோறும் கால்மணி நேரம் அவர்கள் படிக்கக் கேட்போம். அடுத்த ஆண்டுவிழாவிற்குள் பாட்டியின் கடிதத்திற்குப் பேரப்பிள்ளையே மறுமொழி எழுதட்டும்.