நோயாளியின் கட்டிலும் ஆய்வாளரின் மேசையும்

(விழா நாளில் குத்தம்பாக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் கற்பித்தவன் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இதைப் பேச எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. நான் பதினேழு ஆண்டுகளாக நீரிழிவு நோயாளி என்பது ஒன்று. என் தம்பியின் மகள் மருத்துவர் என்பது மற்றொன்று.

அந்தப் பெண் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பையும், மூன்றாண்டு பொது மருத்துவ எம்.டி. படிப்பையும் நிறைவு செய்துவிட்டாள். அடுத்து, உட்சுரப்பியலில் டி.எம். என்னும் மூன்றாண்டு உயர் படிப்பு. அதன்பின் நீரிழிவு குறித்து முனைவர் பட்ட ஆய்வு. இதுவே அவள் விருப்பம். குடும்பத்தார் கூடிப் பேசினோம். "படித்தது போதும், பூந்தமல்லிச் சாலையில் ஒரு கிளினிக் வைக்கட்டும்" என்றனர் உறவினர். மூத்தவன் என்ற முறையில் நானும் அதையே வழிமொழிந்தேன். "மருத்துவர் வேலை நோய் தீர்ப்பது. ஆராய்ச்சியை அதற்கென்று இருப்பவர்கள் செய்யட்டும்" என்றேன்.

அவள் அமைதியாக ஒரு கேள்வி கேட்டாள்: "பெரியப்பா, நீங்கள் காலையில் விழுங்குகிற மாத்திரை உங்களுக்குப் பொருந்தும் என்று யார் சொன்னார்கள்?"

"என் மருத்துவர் சொன்னார்" என்றேன்.

"அவருக்கு யார் சொன்னார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தேடல் என்னைத் தொலைதூரம் அழைத்துச் செல்லவில்லை. வடசென்னைக்குத்தான் அழைத்துச் சென்றது. 1948ஆம் ஆண்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். பின்னர் அதனோடு ஆய்வு நடுவத்தையும் இணைத்தார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகின்றனர். நோயாளியைப் பார்க்கும் இடமும் ஆராயும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் அன்றே கண்டுகொண்டார். அவருடைய மகன் வி. மோகன், மருத்துவ மாணவராக இருந்த நாளிலேயே தந்தையுடன் பணிபுரியத் தொடங்கி, பிற்காலத்தில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார்.

இவ்வழியில் பயின்றவர்கள் கண்டறிந்தவற்றுள் மூன்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, என் மாத்திரை பற்றியது. நீரிழிவு வருமுன் காக்க இயலுமா என்று அமெரிக்காவில் ஒரு பேராய்வு நடந்து, 2002இல் முடிவு வெளிவந்தது. உணவு ஒழுக்கமும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன. மெட்பார்மின் என்னும் மருந்து 31 விழுக்காடு குறைத்தது. ஆயினும் அங்கு ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் பருத்த உடலினர். நம்மவரோ அத்துணைப் பருமன் இல்லாமலே, இளவயதிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவர்கள் விடை நமக்குப் பொருந்துமா? சென்னையில் ஏ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வெறும் பொது அறிவுரை பெற்றோருள் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். வாழ்முறையைத் திருத்திக்கொண்டவருள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரே ஆயினர். மெட்பார்மின் உண்டவரிடத்தும் ஏறக்குறைய அதே பயன் தென்பட்டது. அமெரிக்க ஆய்வில் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1,700 மில்லிகிராம். இங்கே 500 மில்லிகிராமே போதுமானதாயிற்று. 2006இல் வெளிவந்த இம்முடிவு, நோயாளிகளை நாள்தோறும் பார்த்த மருத்துவர்கள் ஐயுற்றுக் கேட்டதனால் கிடைத்தது.

இரண்டாவது, வீட்டிலேயே கணக்கிடத்தக்க ஓர் அளவுகோல். 2001இல் தொடங்கிய சென்னை ஆய்வு ஒன்றில் மோகன் குழுவினர் நகரில் 26,001 பேரைக் கணக்கெடுத்தனர். அதிலிருந்து 2005இல் இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் உருவாயிற்று. குருதி எடுக்கத் தேவையில்லை, நான்கு கேள்விகளே. அகவை 35க்குக் கீழ் எனில் சுழியம், 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 80க்கும் குறைந்தால் சுழியம். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை கூடினால் 10, அதனையும் கடந்தால் 20. உழைப்பும் உடற்பயிற்சியும் கூடக்கூட மதிப்பெண் குறையும், உட்கார்ந்தே இருப்போர்க்கு 30. பெற்றோரில் ஒருவர்க்கு நோய் இருந்தால் 10, இருவர்க்கும் இருந்தால் 20. கூட்டுத்தொகை 60ஐ எட்டினால் குருதிச் சோதனை கட்டாயம் வேண்டும். என் தம்பிக்கு அகவை 58, இடுப்பு 94 சென்டிமீட்டர், நடை அறவே இல்லை, எங்கள் தாயார்க்கு நீரிழிவு. கூட்டினால் 80! சோதித்தபோது நோயின் வாயிலில் நிற்கிறான் என்று தெரிந்தது. மகளைக் கிளினிக் வைக்கச் சொன்ன தந்தை, அவளைப் போன்றோர் செய்த ஆராய்ச்சியினால் எச்சரிக்கப்பட்டான்.

மூன்றாவது, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. மெலிந்த உடலும் வறுமையும் கொண்ட இளைஞர் சிலர்க்கு நீரிழிவு காணப்படுகிறது. வழக்கமான அளவில் இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். 1955இலேயே ஜமைக்காவில் இத்தகையோரைக் குறித்து எழுதியுள்ளனர். 1985இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைத் தனி வகையாக ஏற்றது; சான்று போதாது என்று 1999இல் நீக்கிவிட்டது. வேலூரின் நிகால் தாமசும் நியூயார்க்கின் மெரிடித் ஆக்கின்சும் குழுவினரோடு இந்நோயாளிகளை நுணுகி ஆராய்ந்து, இவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பதே குறைவு என்று 2022இல் நிறுவினர். 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காதவர்க்கு ஐயம் எழுந்திராது. ஆய்வு முறை கல்லாதவர்க்கு அந்த ஐயத்தை உலகம் ஏற்கும் சான்றாக மாற்றத் தெரிந்திராது. இரண்டும் ஒருவரிடத்தே சேர வேண்டியிருந்தது.

நம் மரபுக்கு இது புதிதன்று. சிறுபஞ்சமூலம், ஏலாதி எனத் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே இட்டவர்கள் நம் சமணப் புலவர்கள். வேர் ஐந்தும் எவ்வளவு, எவர்க்கு, எப்போது என்று பிழையறத் தெரிந்தால்தான் அது மருந்து. தெரியாவிட்டால் வெறும் வேர்.

இனி நான் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அட்டமி நாளில் என் தாயார் உபவாசம் இருந்தார். வழக்கம்போல் காலையில் சர்க்கரை மாத்திரையை உட்கொண்டார். எடுத்துக் கொடுத்தவன் நான். மாலையில் வியர்த்து, நா குழறி, மயங்கிச் சாய்ந்தார். முதுமைத் தளர்ச்சி என்று எண்ணினோம். மருத்துவமனையில் குளுக்கோசு ஏற்றிய பிறகே கண் விழித்தார். உணவின்றிச் சிலவகை மாத்திரைகளை உண்டால் சர்க்கரை அளவு கீழே விழும் என்று அன்று எனக்குத் தெரியாது. நோன்பு இருக்கிறார் என்று மருத்துவரிடம் நாங்கள் சொல்லவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

இசுலாமிய அன்பர்களின் இரமலான் நோன்பைக் குறித்து, பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் தனி வழிகாட்டியே வெளியிட்டுள்ளது. எந்த மருந்தை எந்நேரத்துக்கு மாற்றுவது, எவர் நோன்பைத் தவிர்ப்பது என்றெல்லாம் அதில் வகுத்துள்ளனர். அந்நோன்பின் அருமையும் அறிந்து, ஆராயவும் தெரிந்த மருத்துவர்கள் இருந்தமையால் அது இயன்றது. நம் உபவாசத்தையும், கதிர் மறையுமுன் உண்ணும் வழக்கத்தையும் உள்ளிருந்து அறிந்தவர் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள்தாமே! அவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

குத்தம்பாக்கத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகிவிட்டன. வரப்பில் நடந்தவர்கள் இருசக்கர வண்டியில் செல்கின்றனர். 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேல். கிளினிக்குகள் பெருகினால் மட்டும் இவ்வெள்ளத்தை அடைக்க முடியாது.

ஆதலால் மூன்று வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஆய்வுப் படிப்பை விரும்பினால், ஆண்டுகளை எண்ணித் தடுக்காதீர்கள். நம் அறக்கட்டளையின் கல்வி உதவியில் மருத்துவ ஆய்வு மாணவர்க்கும் ஓரிடம் ஒதுக்குங்கள். நால்வகைத் தானத்துள் மருந்தும் கல்வியும் ஒருங்கே அமையும் தானம் அது. மருத்துவமனையில் ஆய்வுக்கு உங்கள் இசைவைக் கேட்டால், விளக்கத்தை முழுதும் கேட்டறிந்து, மனம் ஒப்பினால் பங்கு பெறுங்கள். அந்த 531 பேர் முன்வராதிருந்தால் என் கேள்விக்கு விடை இல்லை. நோன்பு இருப்போர் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதை வேண்டுகோளாக அன்று, ஒரு மகனின் கடனாகச் சொல்கிறேன்.

என் தம்பி மகள் டி.எம். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தில் இன்னும் முழு ஒப்புதல் இல்லை. ஆனால் சென்ற வாரம் அவளுக்கான புத்தகங்களை வாங்கிக் கொடுத்தவன் என் தம்பி. அவன் இப்போது காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கவும் தொடங்கியிருக்கிறான்.