'அலெக்ஸ்' புதினத்தில் பொய்யும் வாய்மையும்



துப்பறியும் புதினம் என்றதும் முகம் சுளிப்போர் கவிஞர் அவையில் உண்டு. பேருந்தில் படித்து முடித்து இருக்கையிலேயே விட்டுச் செல்லத்தக்கது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து அணுகவேண்டிய நூல், பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லெமேத்ர் 2011இல் வெளியிட்ட 'அலெக்ஸ்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் இங்கிலாந்தின் குற்றப் புனைவெழுத்தாளர் சங்கம் வழங்கும் பன்னாட்டு விருதைப் பகிர்ந்து பெற்றது. அதே ஆண்டில் வேறொரு புதினத்திற்காக ஆசிரியருக்குப் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிட்டியது. விருதுகள் நிற்க. முடிவைச் சொல்லாமல் இந்நூலைப் பேச இயலாது. இன்னும் படியாதோர் பொறுத்தருள்க.

பாரிசு நகரத் தெருவொன்றில் இரவில் தனியே நடந்து செல்லும் முப்பது வயதுப் பெண் அலெக்ஸ் கடத்தப்படுகிறாள். பாழடைந்த கட்டடம் ஒன்றில், நிமிரவும் படுக்கவும் இயலாத மரக்கூண்டில் அடைத்து, அதனைக் கயிற்றில் உயரத் தொங்கவிடுகிறான் கடத்தியவன். அவள் சாவதைப் பார்க்கவேண்டும் என்பதொன்றே அவன் விருப்பம். பசித்த எலிகள் நெருங்குகின்றன. தன் குருதியையே கயிற்றில் தடவி, அவ்வெலிகளைக் கொண்டே அதனைக் கடிக்கச் செய்து கூண்டை வீழ்த்தித் தப்புகிறாள் அவள். அச்சமும் இளிவரலும் ஒருசேர எழும் பகுதி இது. ஆனால் அதனினும் துயரமானது ஒன்றுண்டு. அவளைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் முறையிட ஓர் உயிரும் இல்லை. தேடும் காவலர்க்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

தேடுபவர் காமில் வெர்ஹூவன். குள்ளமானவர், துல்லியமாகச் சொன்னால் 145 செ.மீ. உயரத்தர். அவர் மனைவியும் முன்னொருகால் கடத்தப்பட்டுக் கொலையுண்டவள். ஆதலின் இவ்வழக்கை அவர் விரும்பி ஏற்கவில்லை.

இரண்டாம் பகுதியில் வாசகரின் இரக்கம் தடுமாறுகிறது. தப்பிய அலெக்ஸ் ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறாள். வாயில் கந்தக அமிலத்தை ஊற்றிக் கொல்கிறாள். கடத்தியவனோ அவளால் கொல்லப்பட்ட ஒருவனின் தந்தை. கூண்டருகே அவளுக்காக நெஞ்சு பதறியவர், இப்போது அவளை வெறுக்கத் தொடங்குகிறார். இக்கொலைகளை ஆசிரியர் வேண்டியதற்கு மேல் நீட்டிவிட்டார் என்பதும் சொல்லத்தக்கதே.

மூன்றாம் பகுதியில் அவள் விடுதி அறையில் பிணமாகக் கிடக்கிறாள். விசாரணையில் உண்மை கசிகிறது. சிறுமிப் பருவத்திலேயே அண்ணன் தாமசால் சிதைக்கப்பட்டு, பிறருக்கும் விற்கப்பட்டவள் அவள். கொல்லப்பட்டவர்கள் ஏதோ ஒருவகையில் அக்கொடுமையோடு தொடர்புடையோர். தற்கொலையைத் தமையன் செய்த கொலையாகத் தோன்றுமாறு அவளே தடயங்களை அமைத்துவிட்டு இறந்திருக்கிறாள். வெர்ஹூவன் அதனை அறிவார். அறிந்தும் அப்பொய்யை நிற்கவிடுகிறார்.

பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் என்ற நிபந்தனையை அவர் உடன் வைத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தாமசு சிறை செல்வது நன்மை என்பதில் ஐயமில்லை. அந்நன்மை குற்றமற்றதா? சிறுமிக்கு அவன் செய்தது பற்றி எந்தக் காவலரும் அன்று கேட்கவில்லை. இன்று செய்யாத கொலைக்காகவே அவன் பிடிபடுகிறான். அவள் பேச்சுக்குச் செவி கிடைக்க அவள் பிணமாகவேண்டியிருந்தது. நூலின் உண்மையான கூண்டு இதுவே.

கடத்திய தந்தையின் கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. காவலர் சூழ்ந்தபோது, விரையும் வாகனங்களுக்கிடையே பாலத்திலிருந்து குதித்து மாண்டவன் அவன். மகன் காணாமற்போனான் என்பதே அவன் நெஞ்சை அரித்த துயர். அம்மகன் ஒரு சிறுமிக்கு என்ன செய்தான் என்பதை அவனிடம் சொல்ல எவரும் இல்லை.